வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஊசி

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலையில் அங்குள்ள கிழவர் கிழவிகளுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டுத்தான் கோப்பியே குடிப்பேன். அப்படிப்பட்ட எனக்கு, என் சிநேகிதிக்கு ஓர் ஊசி போட வழியில்லாமல் போயிற்று.

அவள் பெரு நாட்டுக்காரி. எங்கள் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஞாயிறு பூசையில் ஒரே வாங்கில் என் பக்கத்தில்தான் இருப்பாள். தமிழ்ச் சனம் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை ‘அக்கா’ என்பாள். அவளுடைய ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது, என் தமிழ் அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருடைய ஓட்டை டேனிஷில் ஊர்வம்பெல்லாம் அளப்போம்.

அவளுக்குச் சீனி வருத்தம். குளிசை போதாது, இனி ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவளும் தலையாட்டிவிட்டு அப்போதெக் மருந்துக்கடையில் மருந்தை வாங்கி வந்தாள். ஒருநாள் அவள் வீட்டில் பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தால், வெண்ணெய்க்குப் பக்கத்தில் இன்சுலின் பெட்டி உடைக்காமலே கிடக்கிறது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“உனக்கென்ன விசரோ? வெண்ணெய்க்குக் காவலுக்கோ இதை வைச்சிருக்கிறாய்?”

“அக்கா, என்ரை அம்மா ஊசி தொடங்கி ஒரு வருஷத்திலை கண் தெரியாமல் போனவ. ஊசிதான் கண்ணைத் தின்னுறது.”

யாழ்ப்பாணத்தில் என் மாமியும் இதையேதான் சொன்னார்: “ஊசி தொடங்கினால் ஆள் முடிஞ்சுது.” எந்த ஊரிலும் ஒரே கதைதான். உடம்பெல்லாம் கெட்டபிறகு ஊசியைத் தொடங்கினால் பழி ஊசிக்குத்தானே!

“கண்ணைத் தின்னுறது சீனியடி, ஊசியில்லை. அம்மாவுக்குப் பிந்தித்தான் தொடங்கியிருப்பினம். நானே வந்து போட்டுவிடுறன்” என்று தொண்டை வறளக் கதைத்தேன். “ஓம் அக்கா” என்று கன்னத்தில் முத்தம் தந்தாள். டொக்டருக்கும் இப்படித்தான் ஓம் போட்டிருக்கிறாள். பெரியவர்களை மறுத்துப் பேசுவது அவளூரிலும் மரியாதையில்லையாம். கண்ணுக்குக் காவலான புனித லூசியாளுக்கு மட்டும் நேர்த்தி வைத்தாள். பார்க்கும் போதெல்லாம் கேட்பேன், ஏசுவேன். பெட்டி அப்படியே கிடந்தது.

பெட்டியைக் கண்டபிறகு வந்த இரண்டாவது மார்கழியில், அந்தப் புனிதையின் திருநாளுக்கு எங்கள் இல்லத்தில் லூசியா ஊர்வலம். விளக்கெல்லாம் அணைத்தார்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் மெழுகுதிரிகளோடு பாடிக்கொண்டு வந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார்கள்.

“அக்கா, பாட்டுக் கேக்குது. ஏன் இன்னும் மெழுகுதிரி கொளுத்தேல்லை?”

பகிடி விடுகிறாள் என்று திரும்பினேன். அவள் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் சொன்னதைத் தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் அவளுக்குச் சொன்னார். சீனியால் இரண்டு கண்ணுக்குள்ளும் இரத்தம் கசிந்துவிட்டது. ஒன்று போய்விட்டது, மற்றதில் நிழல் மட்டும் தெரியலாம். அவள் அழவில்லை. தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“நான் ஒரு ஊசியும் போடேல்லையே அக்கா. பிறகேன் போனது?”

என் வாய்க்குப் பூட்டில்லை என்று ஊரே சொல்லும். அவள் கேட்டதற்குப் பதிலை அவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.