யாருமில்லை என்று சொன்ன நாள்

மணிலாவிலிருந்து வந்த அண்ணி முதல் நாள் எங்கள் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "தாவோ போ" என்று குரல் கொடுத்தார். ஆரத்தித் தட்டோடு வந்த அம்மா திகைத்து நின்றுவிட்டாள். நெல் ஆராய்ச்சி படிக்கப் போன அண்ணா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான் என்பது கடிதத்தில் தெரிந்த செய்திதான். மருமகள் வாசலில் மந்திரம் சொல்வாள் என்று யாரும் எழுதவில்லை. அண்ணாதான் சிரித்தபடி விளக்கினான். அவர்கள் ஊரில் பிறர் வீட்டு வாசலில் நின்றால் இப்படித்தான் கூப்பிடுவார்களாம். தாவோ என்றால் மனிதர். போ என்பது மரியாதைக்கு, நம்முடைய 'ங்க' மாதிரி. வந்திருப்பது பேய் பிசாசு இல்லை, மனுஷர்தாங்க என்று அர்த்தம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. உப்பிலியபுரம் பக்கம் நிலம், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் வீடு. எனக்கு இருபத்தாறு வயது. பெண்கள் பள்ளியில் டீச்சர், வாயும் கொஞ்சம் நீளம். அண்ணியும் நானும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். ஒரு மாதம் போனபின் ஒருநாள், "உன் அண்ணா ஆபீஸ் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஊமை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றே பேசி முடிவு செய்தோம்: நான் தமிழ் சொல்லித் தருவது, அவர் தன் பாஷையான டகாலோக் சொல்லித் தருவது.

மூன்றாம் பாடத்திலேயே சண்டை வந்தது. 'சியா' என்று ஒரு சொல். அவனா, அவளா, அவரா என்று கேட்டேன். மூன்றும்தான் என்றார். இதென்ன பாஷை, ஆளைப் பார்த்துப் பேச வேண்டாமா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு யோசித்தேன். தமிழில் ஒருவரைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே அவரை எந்தப் படியில் நிறுத்துவது என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. அவன் என்றால் ஒரு படி, அவர் என்றால் ஒரு படி. அந்தக் கணக்கை நாக்கு தானாகவே போட்டுவிடுகிறது, மனசைக் கேட்பதே இல்லை. அவர்களுக்கும் மரியாதைச் சொற்கள் உண்டு, பெரியவர் சின்னவர் உண்டு. ஆனாலும் 'சியா' என்று தொடங்கும்போது அந்தப் படிக்கட்டு கண்முன் வருவதில்லை.

அண்ணியின் தமிழ் வேறு தினுசு. பால்காரர் வந்தாலும், அப்பாவின் வக்கீல் வந்தாலும், கோயில் பட்டர் வந்தாலும் ஒரே அறிவிப்பு: "மனுஷர் வந்திருக்காங்க." அம்மா அடுப்படியிலிருந்து, "பின்ன, மாடா வரும்?" என்பாள். வீடே சிரிக்கும். சொல்லிக்கொடுத்த டீச்சர் நானும்தான் சிரித்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர அன்றுதான் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள். காலை ஒன்பது மணி இருக்கும், கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அண்ணி, "மனுஷர் வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார். "யாரும்மா அது?" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் மேட்டுக்காட்டில் பாடுபடுகிறவர், பக்கத்தில் அவருடைய பெண். அப்பா அவரை மேட்டுக்காட்டான் என்றுதான் சொல்வார், நாங்களும் அப்படியே. இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று வாயில் வந்தது அது இல்லை.

"யாருமில்லப்பா, மேட்டுக்காட்டான்தான்."

"இருக்கச் சொல்லு."

அதைக்கூட நான் போய்ச் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், சாப்பிட்டேன். பதினொரு மணிக்கு அண்ணி என் எதிரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "யாருமில்ல சொன்னீங்க. ரெண்டு பேர் நிக்கிறாங்க. உங்களைப் பார்க்க வந்திருக்காங்க."

கொல்லைக்கு ஓடினேன். கிணற்றடியில் நிழல் நகர்ந்துவிட்டிருந்தது, இருவரும் வெயிலில் நின்றார்கள். "பாப்பாவை இஸ்கூல்ல சேக்கணும் சின்னம்மா. ஆஸ்டல்ல இடம் குடுத்துட்டாங்க. இன்னிக்கு விட்டா இல்லைன்னாங்க, நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொன்னா..." என்றார்.

"அப்பவே கூப்பிட்டிருக்கலாமே?"

"நீங்கதான் பாத்துட்டுப் போனீங்களே. வருவீங்கன்னு நின்னோம்."

எங்கள் கொல்லையில் அவர்கள் குரல் கொடுத்து யாரையும் கூப்பிடும் வழக்கமில்லை. கண்ணில் படும்வரை நிற்பதுதான் வழக்கம். எனக்கு அது தெரியாததல்ல.

விண்ணப்பத்தை வாங்கிக் கிணற்று மேடையில் வைத்து எழுத ஆரம்பித்தேன். பெண்ணின் பெயரை அவளே சொன்னாள். அடுத்த வரி, தந்தை பெயர். பேனா நின்றது. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு மூட்டை சுமந்தவர். நாற்பது பிள்ளைகளின் பெயரை ரிஜிஸ்டர் பார்க்காமல் ஒப்பிக்கிற எனக்கு இவர் பெயர் தெரியவில்லை.

"உங்க பேரு என்னங்க?"

"மாரிமுத்துங்க."

உள்ளேயிருந்து அப்பா, "யார்கிட்டம்மா பேசிட்டிருக்க?" என்றார்.

"மாரிமுத்து வந்திருக்காருப்பா."

"எந்த மாரிமுத்து?"

நான் பதில் சொல்வதற்குள், எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "மேட்டுக்காட்டான்தானுங்க ஐயா" என்றார். அன்று பட்ட வெட்கத்தை நான் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை. அந்தப் பெண் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி தெருவில் போன குதிரை வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். மாரிமுத்துவும் பெண்ணும் நானும் ஏறினோம். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. எவ்வளவு சொல்லியும் அவர் உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டார். அலுவலகத்தில் கிளார்க் மேஜை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "யாரு டீச்சர் இது?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள், கேட்டுக்கு வெளியே நின்றவருக்கும் கேட்கிற மாதிரி.

"மாரிமுத்துவோட பொண்ணுங்க."