தேவகி கட்டிய முடிச்சுகள்

அன்று காலை கல்லூரித் தோட்டத்தில் தண்ணீர் விடும்போதுதான் கவனித்தேன். செம்மரக் கன்றுகளில் அடையாளத்துக்குக் கட்டியிருந்த நூல்கள் அத்தனையும் வெளுத்திருந்தன. தேவகியிடம் கேட்கலாம் என்று செல்போனை எடுத்தேன். அதற்குள் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது அவர் தம்பி. "சார், அக்கா பூட்டாங்க சார். தூங்கினவங்க எழுந்திருக்கல." குழாயை மூடத் தோன்றாமல் நின்றேன்.

திருத்தணியில் எங்களோடு தாவரவியல் கற்பித்த தேவகியை அறிந்தவர்களுக்கு எங்கள் சண்டையும் தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்து மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் செம்மரம் தானாக முளைப்பதில்லை. அதிலும் பாறை உச்சியில் வளரும் மரத்துக்கு இலை சிறுத்துத் தடித்திருக்கும். ஓடைக்கரையில் வளரும் மரத்துக்கு அகன்று மெலிந்திருக்கும். எல்லாம் மண்ணும் தண்ணீரும் செய்கிற வேலை என்பேன். அவர் ஒப்பமாட்டார். "தலைமுறையா கல்லுல காஞ்சுகினு கெடந்த மரம் சார். விதையிலயே எறங்கியிருக்கும்."

சண்டையைத் தீர்க்க, இரண்டு இடத்து விதைகளையும் ஒரே மண்ணில் கலந்து நட்டோம். எது எந்த விதை என்று குறிக்க நான் தகரத் தகடுகள் வாங்கி வந்தேன். அவரோ அம்மையார்குப்பத்து நெசவு வீட்டுப் பெண். தறியிலிருந்து நூல் கொண்டுவந்தார். உச்சிக்குச் சிவப்பு, ஓடைக்குப் பச்சை. வெயிலில் நிற்காது என்றேன். "எங்க வூட்டு சாயம் போவாதுங்க" என்று கட்டத் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, இலைகளை விரலால் தடவியபடி வரிசையில் நடந்தார். "கல்லு... தண்ணி... கல்லு..." நூலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். ஒன்றும் தவறவில்லை. என் கண்ணுக்கு எல்லா இலைகளும் ஒன்றுபோலவே இருந்தன. வளர்ந்தால் வித்தியாசம் போய்விடும் என்று வீம்புக்குச் சொன்னேன். "வளரட்டும் சார். நான் எங்க போயிடப் போறேன்?"

காரியத்தன்று அவர் தம்பியிடம் நூல் வெளுத்ததைச் சொன்னேன். "முடிச்ச அவுத்துப் பாருங்க சார். உள்ள வெயில் படாது" என்றார்.

தேவகியின் விரல் போட்ட முடிச்சுகள். அவிழ்க்கப் பல நாள் மனம் வரவில்லை. மாலையில் கண்ணை மூடி இலைகளைத் தடவுவேன். யாரோ பின்னால் நூலைப் பார்த்துக்கொண்டு வருவதுபோல் இருக்கும். பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் போவேன். நேற்று ஓர் இலை விரலுக்குத் தடித்துத் தெரிந்தது. "கல்லு" என்றேன். அந்தக் குரல் என்னுடையதாக இல்லை. அந்த ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்தேன்.

மற்றவற்றை இனி மெல்ல அவிழ்ப்பேன், ஒவ்வொன்றையும் தடவிச் சொல்லிவிட்டு. இந்தச் சண்டையில் நான் தோற்க வேண்டும். நேற்று அவிழ்த்த நூல் என் சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டு முனையும் வெள்ளை, நடுவில் சிவப்பு.

உங்கள் வீட்டுச் சாயம் போகவில்லை, தேவகி.