ஒரு ஹங்கேரிக் கோமானுக்காக மாவ்பி வரை

போன சனிக்கிழமை ரங்கூனுக்கு வெளியே இருக்கும் மாவ்பிக்குப் போய் வந்தேன். காரணம், ஒரு ஹங்கேரிக்காரன்மேல் எனக்கிருந்த பொறாமை. ஆள் செத்துப் பல காலமாகிறது. அது ஆறுதலாக இல்லை.

எனக்கு நிச்சயம் செய்திருக்கும் மாமா மகள் ஜமீலா, புடாபெஸ்டில் வரலாறு படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். கிடைத்தால் இரண்டு வருடம் அங்கே. விண்ணப்பக் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது, இரண்டாம் உலகப் போரின்போது வேளாண் அமைச்சராக இருந்த ஒரு கோமானின் வாழ்க்கை. அரண்மனையில் பிறந்தான், ஐந்து மொழி பேசினான், ஏழைகளுக்கு நிலம் கொடுத்தான், கடைசியில் வெளிநாட்டு வாடகை அறையில் செத்தான். இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. நான் ஜெனரேட்டர் பழுது பார்ப்பவன். என்னிடம் கரண்ட் எப்போது வரும் என்று மட்டும்தான் கேட்பாள்.

கட்டுரையைத் திருத்தித் தருபவர் கோ ஸா. ஹங்கேரியில் படித்துத் திரும்பி, மாவ்பி சந்தையில் விதைக்கடை நடத்தும் பர்மியர். உயரமாக வேறு இருக்கிறார்.

அவரைப் பார்க்க ஜமீலாவும் நானும் ரங்கூனில் எங்கள் பேட்டையான தின்கன்ஜூனில் காலை 7.10க்கு டாக்சி பிடித்தோம். டிரைவர் தொண்ணூறாயிரம் கியாத் கேட்டு எழுபதாயிரத்துக்கு இறங்கினார். 45 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். வண்டியில் கட்டுரையைப் படித்தேன். பாதி வழியிலேயே பழுது பிடிபட்டுவிட்டது. வாயைத் திறக்கவில்லை. இதோடு நேர்காணலுக்குப் போனால் மாட்டிக்கொள்வாள், இங்கேயே இருப்பாள்.

கோ ஸா தேநீர் வரவழைத்து, "பிரமாதம், ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்" என்றார், பர்மிய மொழியில். ஜமீலா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த நிலம் யாருது?" என்றேன்.

"என்ன மச்சான்?"

"ஏழைக்குக் குடுத்தானே, அவன் அப்பன் வீட்டு நிலமா?"

அவள் அதையே பர்மிய மொழியில் கோ ஸாவிடம் கேட்டாள். "யூதர்களுடையது. சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள். செயல்படுத்தியவர் அந்த அமைச்சர்தான்" என்றார் அவர். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, "நீ கேட்கவில்லையே, ஜமீலா!"

ரங்கூன் தமிழர் வீட்டில் இது கேட்காமலே வரவேண்டிய கேள்வி. அறுபத்துநாலில் பர்மா அரசாங்கம் கடைகளை நாட்டுடைமை என்று எடுத்துக்கொண்டபோது எங்கள் இரு குடும்பத்துக்கும் பொதுவான ஜவுளிக்கடையும் போனது. அப்போதும் மக்களுக்காக என்றுதான் சொன்னார்கள்.

"இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் ஜமீலா.

"பாதி வழியிலே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ போயிருவியே."

"அடப்பாவி மச்சான்!"

பேனா வாங்கி அந்தப் பக்கத்தையே அடித்தாள். மூன்று மணி வரை புதிதாக எழுதினாள். கட்டுரை இப்போது ரொம்ப நன்றாக இருக்கிறது. அதுதான் என் கவலை.

மாவ்பி போகிறவர்கள் ஒன்பதுக்குள் சந்தையை அடையுங்கள், அப்புறம் வெயில் கொல்லும். திரும்ப டாக்சி கிடைக்காது. வந்த வண்டியையே நிறுத்திவைப்பது நல்லது, மணிக்குப் பத்தாயிரம் ஆகும். உதவித்தொகைக்கு எழுதுகிறவர்கள் கட்டுரையை மெச்சுகிறவரிடம் காட்டாதீர்கள். நீங்கள் போய்விடக்கூடாது என்று நினைப்பவனிடம் கொடுங்கள். ஓட்டையை அவன்தான் கண்டுபிடிப்பான்.