நாலு பிளக்குக்கும் நாலு பொட்டு

என் வீட்டுக்காரர் கறுப்பையாவைப் பற்றிக் கேட்டால் ஹேவாஹெட்டப் பக்கத்தில் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கார் ஓட்டப் போன முதல் ஆள். எல்லாம் உண்மைதான். ஆனால் சொல்கிறவர்களில் யாரும் அவருக்கு வாக்கப்படவில்லை. வாக்கப்பட்டவள் நான். எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். கறுப்பு நிறம், நாலு சக்கரம், தோட்டத்துத் தொரையுடைய கார்.

கார் கொட்டகையை ஒட்டிய அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். லயத்து வரிசை அறைகளில் இருந்த பெண்கள் அதைப் பார்த்து, உனக்கென்ன வேலாயி, தனி அறை, தனி அடுப்பு என்று வயிறெரிந்தார்கள். என் வயிறு எரிந்த கதை அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தாலும் கொத்தமல்லித் தண்ணியைக் குடி என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கார் ஒரு தடவை இருமினால் போதும், சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடுவார்.

இந்தப் பைத்தியத்தை முற்ற வைத்தவர் கண்டியில் கராஜ் வைத்திருந்த மடவளை பளீல் நானா. ஒருநாள் அவர் ஒரு பிளக்கைக் கழற்றி இவர் உள்ளங்கையில் வைத்து, இந்த நுனியில்தான் நெருப்புப் பாய்கிறது, இதுதான் இஞ்சினுக்கு உயிர் என்று சொல்லிக்கொடுத்தார். சும்மா இருந்திருக்கலாம். அந்த வார வெள்ளிக்கிழமையிலிருந்து இவர் காரின் முன்விளக்கு இரண்டுக்கும் வழக்கமாக வைத்த பொட்டை நிறுத்திவிட்டு, இஞ்சின் மூடியைத் தூக்கி, பிளக்கு நாலுக்கும் வைக்கத் தொடங்கினார். சும்மா ஒரு புள்ளியா? அந்த வெள்ளைப் பீங்கானுக்கு உச்சியிலிருந்து அடிவரை சந்தனம் குழைத்துப் பூசி, அதன்மேல் குங்குமம். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை நான் வழித்து நானே இட்டுக்கொள்வேன். கல்யாணத்தன்று வைத்ததோடு சரி, அதன்பிறகு அவர் விரல் என் நெற்றியில் பட்டதே இல்லை.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் கார் திக்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் இழுக்காமல் மூச்சு முட்டி நின்று நின்று போனது. இவருக்கு உடனே தெரிந்துவிட்டது, யாரோ கண் வைத்துவிட்டார்கள். என்னைக்கூட ஒரு மாதிரிப் பார்த்தார். கண்ணேறு கழிய வேண்டும் என்று தினமும் காலையில் சந்தனம் பூசினார். கார் தினமும் காலையில் திக்கியது.

தேயிலை விலை விழுந்த வருஷம் அது. தொரை எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். சனிக்கிழமை காலையில் துரைசாணி கப்பலேறக் கொழும்புக்குப் போக வேண்டும், கண்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிற வழியில் கார் ஒரு தடவை திக்கினாலும் கொழும்பிலிருந்து வேறு டிரைவர் வருவான், நீ மறுபடி கவ்வாத்து மலைக்குப் போ என்று சொல்லிவிட்டார். சக்களத்தி தொலைந்தால் சந்தோஷம்தான். ஆனால் அவள் எங்கே தொலையப் போகிறாள்? அறையைக் காலி பண்ணிக்கொண்டு போகப்போவது நாங்கள்தானே.

பளீல் நானாவிடம் அதற்கு முன்பே இரண்டு தடவை காட்டியாகிவிட்டது. அவர் இஞ்சினை ஓடவிட்டு, மரப்பிடி போட்ட திருப்புளியை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் இரும்பிலும் சேர்த்து வைப்பாராம். அப்படி வைத்தால் அந்தப் பிளக்கு மட்டும் அணைந்துவிடும். சத்தம் தளர்ந்தால் அது நல்ல பிளக்கு, சத்தம் மாறாவிட்டால் செத்தது. நாலுக்கும் சத்தம் தளர்ந்தது. ஒன்றும் செத்திருக்கவில்லை. என்றாலும் இவர் தொந்தரவு தாங்காமல் நாலையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் பழையபடி திக்கல்.

வியாழக்கிழமை மூன்றாம் தடவையாகப் புறப்பட்டார். அம்பிட்டியவில் என் தங்கை அங்கம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. என்னையும் ஏற்றிப் போங்கள் என்று பிடிவாதம் பிடித்து, முதன்முதலாக அந்தக் காரில் ஏறினேன். என்ன மெத்தை! என் முதுகு அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. அதனால் என் கோபம் இன்னும் கூடியது.

பனிக்குள் திக்கித் திக்கி இறங்கினோம். அம்பிட்டியவுக்குச் சற்று முன்னால் மலைத்தண்ணீர் கொட்டுகிற ஒரு பீலியடியில், காருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நிறுத்தினார். தண்ணீர் ஊற்றிய கையோடு தோள் துண்டை எடுத்து, நாலு பிளக்கையும் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல் பதமாகத் துடைத்தார். ஏன் என்று கேட்டேன். பளீல் நானா பார்த்தால் சிரிப்பாராம், அதனால் இவர் வரும்போதெல்லாம் இங்கேதான் துடைப்பாராம். பிறகு கார் திக்காமல் ஓடியது. அம்பிட்டியவில் இறங்கு என்றார். அவர் துடைத்த அழகைப் பார்த்த பிறகு எனக்கு இறங்க மனம் வருமா? கராஜுக்கே போங்கள் என்றேன்.

பளீல் நானா திருப்புளி வைத்துப் பார்த்தார். நாலும் நல்லது. சலித்துப்போய், இந்தப் பிளக்குகள்மேல் எதையாவது பூசினீர்களா, எண்ணெய் தண்ணீர் பட்டதா என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்தபடி, ஒன்றும் பூசவில்லை என்றார். அதற்குமேல் என் வாயை அடக்க முடியவில்லை.

"பூசாம என்ன நானா? எனக்கு ஒரு பொட்டு வைக்க நேரமில்லாத மனுசன், இதுக்கு தெனம் காலையில நாலு வைக்கிறாரு. சந்தனத்துல குளிப்பாட்டிட்டு, வர்ற வழியில தொடச்சுப்புட்டு, ஒண்ணும் பூசலங்கிறாரு."

பளீல் நானா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். குனிந்து ஈரச் சேற்றை வழித்து ஒரு பிளக்கில் உச்சியிலிருந்து அடிவரை பூசிவிட்டு இஞ்சினை ஓட்டினார். திக்கியது. நிறுத்தித் துடைத்துவிட்டு ஓட்டினார். திக்கவில்லை.

"ஈரம் இருந்தா நெருப்பு உள்ளுக்குப் போகாது கறுப்பையா. வெளியால வழிஞ்சு இரும்புல எறங்கிரும். இது வெள்ளையாத்தான் ஈக்கணும்."

பளீல் நானா சிரிக்கவில்லை. அதுதான் இவருக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. திரும்பும் வழியில் அம்பிட்டியவிலும் நிறுத்தவில்லை. அங்கம்மாவின் பிள்ளையை நான் பிறகொரு நாள் நடந்து போய்த்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. துரைசாணியை ஏற்றிக்கொண்டு கார் ஒரு திக்கல் இல்லாமல் போய் வந்தது. வேலை தப்பியது, அறையும் தப்பியது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் சந்தனக் கிண்ணத்தோடு கொட்டகை வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு அறைக்குள் வந்து, குனிந்து, என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்.

"அங்க வைக்க வழியில்லன்னுதானே இங்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆடாம இரு புள்ள, கோணிக்கும்," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பகல் முழுக்க முகம் கழுவவில்லை. தண்ணீர் எடுக்கப் போனபோது நாலு பேர் கண்ணில் படும்படி நின்றேன்.

சாயந்தரம் அவர் இல்லாத நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் போனேன். இஞ்சின் மூடியைத் தூக்கினேன். பிளக்கு நாலும் வெள்ளையாகத்தான் இருந்தன. மனசு குளிர்ந்து மூடிவிட்டு முன்பக்கம் வந்தேன். முன்விளக்கு இரண்டிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

விரலால் என் நெற்றிப் பொட்டை அளந்து பார்த்தேன். அவளுடையதுதான் பெரிது.