மீனுக்குப் பத்தியம்

எங்கள் அப்பா மாதுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் அன்று ஞாயிற்றுக்கிழமையே இல்லை. எனக்கு அம்மை போட்டு, அம்மா வாசலில் வேப்பிலை கட்டியிருந்தபோதுகூட, பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டு வந்தவர். வாசனை காட்டிக்கொடுத்தது. அந்த மனிதர்தான் போன மாசியில் கறியை விட்டார். எனக்காக இல்லை, மீனுக்காக.

வத்தல்மலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. முதல் வருஷம் விட்ட மீன் அத்தனையும் செத்து மிதந்தன. "இந்தத் தடவையும் செத்துதுன்னா குட்டைய மூடிட்டு மரவள்ளி போட்டுடணும்," என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த வருஷமும் கட்லா மீன்களின் மேல் சிவப்புப் புண் தெரிந்ததும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மீன்வளத் துறை அதிகாரி ஒருவருக்குப் போன் போட்டார். பூண்டையும் மஞ்சளையும் அரைத்து, தவிடு, கடலைப் பிண்ணாக்கோடு பிசைந்து போடச் சொன்னார் அவர்.

"நாட்டு மருந்துங்களா? அப்ப பத்தியம் உண்டுங்களா சார்?" என்று கேட்டார் அப்பா.

அவர் சிரித்துக்கொண்டே, "இருந்தா நல்லதுதாங்க," என்றார். கேலியாகச் சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மீன் எப்படிப் பத்தியம் இருக்கும்? கைக்குழந்தைக்குச் சீக்கு என்றால் பால் கொடுக்கிற தாய்தானே வாயைக் கட்டுவாள்! அன்றிலிருந்து அப்பாவுக்குப் புளி இல்லை, காரம் இல்லை, கறி இல்லை. வீட்டுப் பூண்டெல்லாம் குட்டைக்குப் போனது. எங்களுக்கு ரசம் வெறும் தண்ணீராக வந்தது.

மாமா வீட்டுக் கெடா விருந்தில் மானம் போனது. எல்லார் இலையிலும் கறி விழ, அப்பா மட்டும் கையால் இலையை மறைத்துக்கொண்டு மோர் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று மாமா பதறினார்.

"எனக்கில்லீங்க. மீனுக்கு."

பந்தியே சிரித்தது. அம்மா அதன்பிறகு தலையைத் தூக்கவே இல்லை.

ஆனால் புண் ஆறியது. பூண்டா, மஞ்சளா, அப்பா குடித்த மோரா, யாருக்குத் தெரியும்? மோர்தான் என்கிறார் அப்பா. வலை போட்ட அன்று அம்மாவே சந்தோஷமாகக் குழம்பு வைத்தாள். மரவள்ளிப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா மீன் துண்டைக் கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், தட்டோரம் வைத்துவிட்டார்.

"என்னாங்க, இன்னும் பால் மறக்கடிக்கலியா?" என்றாள் அம்மா.

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. "எனக்கு அம்மை போட்டப்ப மட்டும் பிரியாணி எறங்குச்சில்லப்பா?" என்றேன்.

"ஒனக்கு ஒங்கம்மா இருந்தா. அதுங்களுக்கு யாரும்மா இருக்கறாங்க?"

அந்தத் துண்டை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன். குழம்பில் பூண்டு கொஞ்சம் தூக்கல்தான்.