காதருகே நின்ற கை

இன்று காலை பின்னல் போடத் தூக்கிய வலது கை காதருகே வந்து நின்றுவிட்டது. நேற்று கார் கம்பெனி லைனில் போல்ட் இறுக்கும் மெஷின் சிக்கி உதறியபோது தோளுக்குள் ஏதோ தெறித்தது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றுதான் படுத்தேன். இடது கையால் தாங்கித் தூக்கினால் ஏறியது, விட்டால் விழுந்தது. ஹாஸ்டல் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது, அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று.

அக்கா எங்கள் லைன் லீடராக இருந்தவர், மண்ணூர்க்காரர். டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்துக்கு வந்து, எல்லா வேலையையும் ஒரே வாரத்தில் கற்றுவிடத் துடித்த என்னைப் பார்த்து, "இன்னாடி, கம்பெனியவே வாங்கிடுவ போல கீதே" என்று சிரித்தவர். தலைக்கு மேல் கார் நகர்ந்து வரும். அண்ணாந்து நின்று போல்ட் இறுக்க வேண்டும். ஒருநாள் அவர் கையிலும் மெஷின் உதறியது. மறுநாள் தலை பின்னாமல் கம்பெனி பஸ் ஏறினார். எங்கள் பஸ்ஸில், தூக்கக் கலக்கத்தில் வருகிறவளுக்குப் பின் சீட்டுக்காரி தலை பின்னிவிடுவது வழக்கம். அன்றிலிருந்து அக்காவின் தலை எங்கள் பொறுப்பானது. தலை மட்டுமா? அண்ணாந்து செய்யும் மேல்வேலையை எங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, இடுப்பு உயரத்தில் கிளிப் மாட்டும் இடத்தில் அவரை நிறுத்தினோம். அவர் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம், அடிபட்டது தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தால் ஒருத்தி ஓடிப்போய் ஏதாவது சந்தேகம் கேட்பாள். "இத்தினி தங்கச்சிங்க கீறப்ப எனக்குக் கை எதுக்குடி?" என்பார் அக்கா. தைலம் தேய்த்தோம். வலி குறைந்தது, ஆறிவிட்டதாகவே எல்லோரும் நம்பினோம்.

காண்ட்ராக்ட் கைக்கு வந்து, பொங்கலும் போய், வெயில் ஏறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு நான். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் அறுந்திருப்பதை டாக்டர் ஸ்கேனில் காட்டினார். "அறுந்த சில வாரத்துல வந்திருந்தா இழுத்துத் தைக்கிறது சுலபம்மா. இப்ப உள்ள சுருங்கிடுச்சு, தசையும் மெலிஞ்சு கொழுப்பாயிடுச்சு. தைக்கிறேன், பழைய கை வரும்னு மட்டும் கேக்காதீங்க." வலிதான் குறைந்துவிட்டதே என்று அக்கா கெஞ்சுவதுபோலக் கேட்டார். வலி குறைந்தால் நாண் ஒட்டிவிட்டதாக அர்த்தமில்லையாம். தேய்மானத்தால் வரும் தோள்வலிக்குப் பெரும்பாலும் பயிற்சியே போதும். அடிபட்டதும் கை தூக்க முடியாமல் போனால்தான் காத்திருக்கக் கூடாது என்றார். ஆபரேஷன், கையைத் தாங்கக் கழுத்தில் கட்டும் தூளி, மாதக்கணக்கில் பயிற்சி எல்லாம் ஆன பிறகும் அக்காவின் கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. வேலையை விட்டுவிட்டார்.

இன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே பின் சீட்டிலிருந்து, நேற்று மெஷின் உதறியதைப் பார்த்தவளின் கை நீண்டது. "குடு, நா பின்றேன். பர்மனென்ட் இன்டர்வியூ முடியிற வரிக்கும் மேல்வேலைய நாங்க பாத்துக்கறோம், நீ வாயத் தொறக்காத." அதே பிரியம்தான். அன்று அக்காவை மறைத்து நின்றதும் இதுதான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஷிப்ட் முழுக்கக் கிளிப் மாட்டிக்கொண்டு நின்றேன்.

டீ பிரேக்கில் அக்காவுக்கு போன் போட்டேன். இன்டர்வியூ முடிந்ததும் டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டு முடிப்பதற்குள் வெடித்தார்.

"ஏய், என் வூட்டுத் துணிய இப்ப யாரு காயப்போடறா தெரியுமா? என் மாமியா. ஒவ்வொரு துணிக்கும் ஒரு வசவு. உனக்கு அதான் வேணுமா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வெறும் பிடிப்பாகவும் இருக்கலாம். அறுந்திருந்தால் இன்டர்வியூ போகும், தூளியோடு ஊருக்குப் போய் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். இருந்தாலும் நாளைக் காலை லைன் ஓடத் தொடங்குமுன், யாரும் என்னை மறைத்து நிற்பதற்குமுன், சூப்பர்வைசரிடம் போய்விட வேண்டும். "சார், கை தூக்க முடியல" என்று சொல்லிவிட்டு நேரே ஸ்கேனுக்கு. ஹாஸ்டல் மாடியில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.