அண்ணனின் காதும் இரண்டு டர்ன்டேபிள்களும்

என் கணவரின் அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனால், சாப்பிட்ட கையோடு கிளம்பி வர முடியாது. கை கழுவியதும் முன்னறைக்குப் போய் வரிசையாக உட்கார வேண்டும். அக்காவின் கணவர் ஒரு ரெக்கார்டை உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் பிடித்து டர்ன்டேபிளில் வைப்பார். முள்ளை இறக்குவார். பாட்டு முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இன்னா வித்தியாசம், சொல்லுங்க" என்பார். வித்தியாசம் இல்லை என்று சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

நான் அவரை அண்ணன் என்றும் அக்காவை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களுக்கு சொல்தா என்று பெயர். சொல்தா வீடு என்றால் தபால்காரருக்கே ஒரு மரியாதை வந்துவிடும். மாதம் தவறாமல் பிரான்ஸ் பென்ஷன். செய்ய வேலை எதுவும் இல்லை. பிரான்சின் தெற்கே ஏதோ ஒரு முகாமில் இருந்தபோது வாங்கிய டர்ன்டேபிளை, ஊர் திரும்பும்போது கம்பளியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார். அண்ணி அதே விமானத்தில்தான் வந்தார். அவருடைய பெட்டி ஒன்று வழியில் தொலைந்துபோனது. அதைப் பற்றி அண்ணன் சொன்னதில்லை.

அது டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள். தட்டைச் சுற்ற வைக்க நடுவில் பெல்ட் எதுவும் கிடையாது. மோட்டார் நேராகத் தட்டுக்கு அடியிலேயே இருக்கும். வேகம் ஒரு மயிரிழைகூட மாறாது என்பது அண்ணனின் பெருமை. அப்படி மாறாத ஒன்றில் மேற்கொண்டு சரிசெய்ய என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை. என் கணவரைப் படிக்க வைத்ததே அண்ணிதான். அந்த வீட்டில் எங்களுக்குச் சாப்பிட மட்டும்தான் வாய்.

இதில் எனக்குக் கூடுதலாக ஒரு தர்மசங்கடம் இருந்தது. நான் அப்போது நகரத்தில் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் வேலை பார்த்தேன். வருகிறவர்களைக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, எந்தச் சத்தம் எவ்வளவு மெல்லியதாகும்வரை கேட்கிறது என்று அளந்து காகிதத்தில் குறிப்பது என் வேலை. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களின் காதை அளந்துவிட்டு, ஏழாவது நாள் அண்ணன் முன்னால் உட்கார்ந்து, "ஆமாண்ணே, வயலின் தனியா தெரியுது" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் தட்டின் மேல் போடும் ரப்பர் விரிப்பு மாறியது. ரப்பருக்குப் பதில் தோல், தோலுக்குப் பதில் தக்கை. பிறகு தரை அதிர்கிறது என்றார். தவளக்குப்பம் பக்கம் ஒரு கல் பட்டறையில் சொல்லி, ஒன்றரை ஆள் தூக்கும் கடப்பைக்கல் ஒன்றை அறுத்துக்கொண்டு வந்து டர்ன்டேபிளுக்கு அடியில் வைத்தார். சமையலறை மேடைக்குக் கல் போடச் சொல்லி அண்ணி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கல் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் சமையலறையை ஒதுங்க வைக்கத் தொடங்கிவிட்டாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் உப்பே இல்லை. "கல்லு வச்ச பிறகு பாஸ் சத்தம் இறுகிப்போச்சு, கவனிச்சீங்களா" என்றார் அண்ணன். என் கணவர் கவனித்தேன் என்றார்.

கல்லுக்குப் பிறகு என்ன என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே புது டர்ன்டேபிள் வந்தது. பாரிஸில் இருக்கும் மகளிடம் சொல்லி வரவழைத்திருந்தார். இதுவும் டைரக்ட் டிரைவ்தான், ஆனால் பழையதைவிட எடை அதிகம். என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு அரைமணி நேரம் விளக்கினார். அதில் எனக்குப் புரிந்தது எடை மட்டும்தான். அன்று அவருடைய நண்பர் ஒருவரும் வந்திருந்தார், அவரும் சொல்தா. பழையதில் ஒரு பாட்டு, புதியதில் அதே பாட்டு என்று அண்ணன் மாற்றி மாற்றிப் போட்டார். "எக்கூத்" என்று விரலை உயர்த்துவார். கவனித்துக் கேள் என்று அர்த்தம். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. புதியதில் பாட்டு இன்னும் கிட்டத்தில் வந்து பாடுவதுபோல் இருந்தது. இத்தனை நாள் மனதுக்குள் கேலி செய்தோமே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் குறுகிப்போனேன். உழவர்கரையில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது. கொஞ்சம் சத்தமாக வைத்தால் எந்தப் பாட்டும் கிட்டத்தில் வந்துதான் பாடும். எங்கள் கிளினிக்கில் இதை நோயாளிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் மருத்துவரிடம் கேட்டு, சத்தத்தை அளக்கும் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அண்ணன் மறுக்கவில்லை. தன் பக்கம் அறிவியலும் சேரப்போகிறது என்று நினைத்திருப்பார். அளந்து பார்த்ததில் புதியதிலிருந்து சத்தம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதோடு வந்த முள் அப்படி. பழையதைப் போடும்போது ஆம்ப்ளிஃபயர் குமிழை எந்த இடம்வரை திருப்பினால் இரண்டும் சமம் ஆகும் என்று பார்த்து, அங்கே ஒட்டுப் பொட்டு ஒன்றை ஒட்டினேன்.

"இப்ப திரும்பி உக்காருங்கண்ணே. எது ஓடுதுன்னு சொல்லுங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். என் கணவர்தான் மாற்றிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் தயங்காமல் பதில் சொன்னார். பத்துத் தடவையில் நாலு சரி. அன்றும் வந்திருந்த நண்பர் தானும் முயன்று பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. ஏதோ வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டார்.

"மீட்டர் வேற, காது வேறம்மா" என்றார் அண்ணன். "அதுவும் இல்லாம மச்சான் தட்டுல விரல வச்சிட்டாப்புல. சூடு ஏறிடுச்சு."

என் கணவர் மன்னிப்புக் கேட்டார்.

இது நடந்து நாலைந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் கிளினிக்குக்கு வந்தார். கையில் பிரான்சிலிருந்து வந்த ஒரு படிவம். பீரங்கிச் சத்தத்தில் காது கெட்டுப்போனவர்களுக்குப் பென்ஷனில் கூடுதலாக ஏதோ சேர்த்துத் தருவார்கள் என்று அந்த நண்பர் சொல்லியிருக்கிறார். அதற்குக் காது பரிசோதனைக் காகிதம் இணைக்க வேண்டும்.

"உங்களுக்குக் காது நல்லா கேக்குமேண்ணே" என்றேன்.

"அது பாட்டுக்கு. இது பென்ஷனுக்கு" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் காத்திருந்த பெஞ்சில் பக்கத்தில் ஒரு பழைய மில் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் தறிகளுக்கு நடுவில் நின்றவர். அவருடைய பேரனே அவரிடம் கத்திக் கத்தித்தான் பேச வேண்டும். போரே பார்க்காத அந்தக் காதுக்கு யாரும் படிவம் அனுப்பவில்லை. அவர் அழுக்கெடுத்தால் கேட்கும் என்று நம்பி வந்திருந்தார். அவருக்குப் பரிசோதனை எடுத்து முடித்த பிறகு அண்ணனை உள்ளே அழைத்தேன்.

ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னேன். அமுக்கவே இல்லை. தெருவுக்கே கேட்கும் அளவுக்குக் கூட்டிய பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல் மெல்ல அமுக்கினார். மறுபடி அதே சத்தத்தைக் கொடுத்தால் வேறொரு இடத்தில் அமுக்கினார். வேண்டுமென்றே செய்கிறவர்களுக்குத் தாங்கள் முந்தின தடவை எங்கே அமுக்கினோம் என்று ஞாபகம் இருக்காது. இதற்கு ஒரு வழி உண்டு. மைக்கின் சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு, வாயைக் கையால் மறைத்து, ஹெட்போனில் மெதுவாகக் கேட்டேன்.

"டீ சொல்லட்டுமாண்ணே?"

"சக்கரை வேணாம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுக் காகிதம் வைத்தேன். "ஒழுங்கா செய்யலாம்ணே. என் கையெழுத்து இதுல இருக்கு" என்றேன். தலையாட்டினார்.

இந்தத் தடவை நேர்மையாக அமுக்கினார். அடித்தொண்டைச் சத்தங்கள் எல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்டன. மெல்லியதாகக் கொடுத்தாலும் உடனே அமுக்கினார். கீச்சுக் குரல் பக்கம் ஏறத் தொடங்கியதும் பொத்தான் தாமதமானது. இன்னும் ஏற்றினேன். அமுக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். அமுக்கவில்லை. ஏமாற்றுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கி, குழந்தை பரீட்சை எழுதுவதுபோல் கவனமாக உட்கார்ந்திருந்தார். நான் கூட்டிக்கொண்டே போனேன். என் ஹெட்போனில் அது பல் கூசும்படி கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் ஒரு பக்கக் காதை விலக்கிவிட்டு, "ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்றார்.

அவர் நடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. துப்பாக்கியை வலது தோளில் வைத்துச் சுட்டவர்களுக்கு இடது காது கூடுதலாகக் கெடும், அவருக்கும் அப்படித்தான். காகிதத்தில் கோடு ஒரு இடம் வரை நேராகப் போய் அங்கிருந்து மடமடவென்று கீழே இறங்கியது. அவர் நடித்துக் காட்டியதைவிடக் கீச்சுக் குரல் பக்கம் உண்மை மோசமாக இருந்தது. வயலின் தனியாகத் தெரிகிறது, ஜால்ரா காற்றில் கரைகிறது என்று அவர் எங்களுக்குச் சொல்லித் தந்ததெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருந்தது.

மருத்துவர் விளக்கியதை அவர் கைகட்டிக் கேட்டார். வெளியே வந்ததும் என்னிடம், "இது பென்ஷனுக்குப் போதுமா?" என்றார். போதும் என்றேன். "வீட்ல சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. பென்ஷன் கூடியதும் அவரே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டார், பீரங்கிக் கதையோடு. அதனால்தான் இன்று எழுத முடிகிறது.

பிரெஞ்சு அரசாங்கத்தின் செலவிலேயே இரண்டு காது மெஷின்களும் கிடைத்தன. மாட்டிவிட்டது நான்தான். மாட்டிய அன்று அவரோடு வீட்டுக்கும் போனேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக முன்னறைக்குப் போய் ரெக்கார்டைப் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது இன்னா பொரியிற சத்தம்?"

அந்தப் பொரிசத்தத்தை நாங்கள் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்கிறோம். பழைய ரெக்கார்டுகளின் கீறல்கள். அவர் புது டர்ன்டேபிள்மேல் சந்தேகப்பட்டார். பழையதில் போட்டார். அதிலும் பொரிந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். அப்போது சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. தனக்குள் பேசிக்கொள்வதுதான், உரக்கக்கூட இல்லை. "ஒன்னுக்கு ரெண்டா வாங்கி வச்சிக்கினு, ரெண்டும் ஒரே கத்து கத்துது. கடப்பக்கல்லு அதுக்கு, எனக்குப் பலகை."

அண்ணன் முள்ளைத் தூக்கி வைத்தார். பிறகு சமையலறை வாசலுக்குப் போனார்.

"இப்ப இன்னா சொன்ன?"

அண்ணி திரும்பிப் பார்த்தார். அவர் காதில் இருந்ததையும் பார்த்தார். "இன்னிக்குப் புதுசா ஒன்னும் சொல்லல. தெனம் சொல்றதுதான்."

தினமும் பின்னாலிருந்து சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. அண்ணன் முன்னறைக்குத் திரும்பினார். மெஷின்களைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார். புது டர்ன்டேபிளில் மறுபடி முள்ளை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வுவாலா, தோ பாரு. இப்பதான் சுத்தமா இருக்கு" என்றார். "அந்த மெஷின் நடுவுல வந்தா ஒரிஜினல் சத்தம் கெட்டுப்போவுதும்மா. உனக்கு வித்தியாசம் தெரியுதா?"

"நல்லா தெரியுதுண்ணே" என்றேன். அந்த அறையில் நான் சொன்ன பொய்யில்லாத பதில் அது ஒன்றுதான். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு வங்கிக்கும் டாக்டரிடமும் போகும்போது மட்டும் மெஷினை மாட்டிக்கொண்டார். பாட்டு வெறும் காதுக்குத்தான். ஆறு மாதத்தில் இன்னும் உயர்ந்த முள் ஒன்று பாரிஸிலிருந்து வந்தது. சமையலறைக்குக் கடைசியில் கல் போட்டார்கள், அதுவும் கூடிய பென்ஷனில்தான். ஒருநாள் அந்த மேடையில் வெங்காயம் அரிந்துகொண்டே அண்ணியிடம் கேட்டேன், மெஷினை எப்போதும் மாட்டிக்கொள்ளச் சொல்லக் கூடாதா என்று.

"வேணாம் விடு" என்றார். "அத மாட்டிக்கினா நான் வாய மூடிக்கினு இருக்கணும்."

முன்னறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தொடங்கினார்.